சரிந்து கிடக்கும் தீவு

மடகாஸ்கரின் வரைபடத்தைப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அதன் கிழக்குக் கரை. தெற்கு முனையிலிருந்து வடக்கே அன்டோங்கில் விரிகுடா வரை ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தூரம், அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல் நேராக ஓடுகிறது. கப்பல் ஒதுங்குவதற்கு நல்ல வளைவுகள் அங்கே அபூர்வம். மேற்குக் கரையோ கழிமுகமும் சதுப்பும் விரிகுடாவுமாக நெளிந்து கிடக்கிறது. ஒரே தீவின் இரண்டு ஓரங்கள் இவ்வளவு மாறுபட்டிருக்கக் காரணம் உண்டு. கிழக்குக் கரை, இந்தியா கழன்றுபோன இடம்.

ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவை விட்டு விலகியபோது மடகாஸ்கரும் இந்தியாவும் ஒட்டியே இருந்தன. சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த ஒட்டும் விட்டது. அடியிலிருந்து எரிமலைக் குழம்பு பொங்க, பிளவு அகன்று, இந்தியா வடக்கு நோக்கி நகரத் தொடங்கியது. இரு கரைகளிலும் இதற்குச் சாட்சி இருக்கிறது. மடகாஸ்கரின் கிழக்கோரத்தில் பசால்ட் பாறைகள். கர்நாடகத்தில் மால்பே கடற்கரைக்கு எதிரே, செயின்ட் மேரீஸ் தீவுகளில் தூண் தூணாக நிற்கும் எரிமலைப் பாறைகள். இரண்டுக்கும் வயது ஏறத்தாழ ஒன்றே. பிளந்த விளிம்புகள் இரண்டும் உயர்ந்து நின்றன. இந்தியப் பக்கத்து விளிம்பு மேற்குத் தொடர்ச்சி மலை. அது மேற்கே செங்குத்தாக இறங்கி, கிழக்கே மெல்லச் சரிகிறது. மடகாஸ்கர் பக்கத்து விளிம்பு நேர்மாறாக, கிழக்கே செங்குத்தாக இறங்கி, மேற்கே மெல்லச் சரிகிறது.

அந்தத் தீவில் ஓர் ஆறு எங்கே போகிறது, ஓர் ஊர் எங்கே வளர்ந்தது, ஒரு படை எந்த வழியாக வந்தது என்று எதைக் கேட்டாலும் பதில் பெரும்பாலும் இந்தச் சரிவில் போய் முடியும்.

கிரீன்லாந்து, நியூ கினி, போர்னியோவுக்கு அடுத்து உலகின் நான்காவது பெரிய தீவு இது. பரப்பு 5,87,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல நான்கரை மடங்கு. நீளம் ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். நடுவில் 800 முதல் 1,800 மீட்டர் உயரத்தில் மேட்டுநிலம். மிக உயர்ந்த சிகரமான மரோமோகோட்ரோ வடக்கே இருக்கிறது. உயரம் 2,876 மீட்டர். நீர் பிரியும் முகடு தீவின் மத்தியில் இல்லை. கிழக்குக் கடலை ஒட்டி ஒதுங்கி நிற்கிறது. அதனால் கிழக்கே பாயும் ஆறுகள் குட்டையானவை, பாறைகளில் விழுந்து புரண்டு ஓடுபவை. மேற்கே பாயும் பெட்சிபோகா, சிரிபிஹினா, மங்கோக்கி எல்லாம் நீண்டவை, நிதானமானவை. தலைநகர் அண்டனானரிவோவை ஒட்டி ஓடும் இகோபா ஆற்றைப் பாருங்கள். அங்கிருந்து கிழக்குக் கடல் நேர்க்கோட்டில் சுமார் 150 கிலோமீட்டர்தான். ஆறோ எதிர்த்திசையில் திரும்பி, பெட்சிபோகாவோடு கலந்து, பல நூறு கிலோமீட்டர் சுற்றி மேற்குக் கடலுக்குப் போய்ச் சேர்கிறது.

மழையும் சரிவுக்குக் கட்டுப்பட்டதே. தென்கிழக்கிலிருந்து ஆண்டு முழுவதும் வீசும் வணிகக் காற்று கடலின் ஈரத்தை அள்ளி வந்து கிழக்கு மலைச்சுவரில் மோதுகிறது. மேலேறும் காற்று குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. கேரளத்தை நனைத்துவிட்டு வரும் தென்மேற்குப் பருவக்காற்றிடம் தமிழ்நாடு எதைப் பெறுகிறது என்று அறிந்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. கிழக்குக் கரையின் தோவமசினாவில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மேட்டுநிலத் தலைநகரில் 1,300-ஐ ஒட்டி. தென்மேற்கே துலியாராவில் 400 மில்லிமீட்டர் பெய்தால் நல்ல ஆண்டு.

கிழக்குச் சரிவின் ஈரக் காடுகளில்தான் இண்ட்ரி என்ற பெரிய லெமூர் வாழ்கிறது. லெமூர் என்றதும் தமிழ் வாசகருக்கு லெமூரியா நினைவுக்கு வரும். அந்தப் பெயர் பிறந்ததே இந்தத் தீவின் பொருட்டுத்தான். ஆப்பிரிக்கக் கரைக்கு எதிரே சில நூறு கிலோமீட்டரில் இருந்தும், மடகாஸ்கரின் பாலூட்டிகள் ஆப்பிரிக்காவைப் போல இல்லாமல், இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள தேவாங்குக்கு உறவாக இருப்பது ஏன் என்று ஆங்கிலேய விலங்கியலாளர் ஃபிலிப் ஸ்க்லேட்டர் குழம்பினார். இடையில் ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று 1864இல் எழுதி, அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். கண்டங்களே நகரும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. பிற்காலத்தில் அந்தப் பெயர் தமிழ்நாட்டுக்கு வந்து குமரிக்கண்டத்தோடு கலந்தது தனிக் கதை.

இதில் வேடிக்கை, கண்டப்பெயர்ச்சியும் லெமூருக்கு விடை சொல்வதில்லை என்பதுதான். தீவு தனியாகப் பிரிந்த பிறகுதான் லெமூர்களின் மூதாதை அங்கே வந்திருக்கிறது. புயலில் பெயர்ந்த மரக்கூட்டங்களில் தொற்றிக்கொண்டு ஆப்பிரிக்காவிலிருந்து மிதந்து வந்திருக்கலாம் என்பதே இன்று பலரும் ஏற்கும் விளக்கம். இன்றைய கடல் நீரோட்டம் அதற்குத் தோதாக இல்லையே என்ற ஆட்சேபம் நெடுநாள் இருந்தது. தீவு அன்றிருந்த இடத்தில் நீரோட்டம் கிழக்கு நோக்கி, தீவின் பக்கமாகவே பாய்ந்திருக்கும் என்று 2010இல் வெளியான கணினி மாதிரி காட்டியது. அப்படிக் கரையேறிய ஒரு சிறு கூட்டத்திலிருந்து இன்று நூற்றுக்கும் மேற்பட்ட லெமூர் இனங்கள்.

மனிதர்கள் வந்ததும் எதிர்பாராத திசையிலிருந்து. தீவில் பேசப்படும் மலகாசி மொழிக்கு மிக நெருங்கிய உறவு ஆப்பிரிக்காவில் இல்லை; 6,000 கிலோமீட்டருக்கு அப்பால், போர்னியோ தீவின் பாரிட்டோ ஆற்றங்கரையில் பேசப்படும் மாஅன்யன் மொழிதான் அது. நார்வே நாட்டு அறிஞர் ஓட்டோ கிறிஸ்டியன் டால் 1951இல் இதை விரிவாக நிறுவினார். கடல் கடந்து வந்தவர்கள் நெல் விளைவிக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். பின்னர் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்தவர்களும் மாட்டு மந்தைகளும் சேர்ந்து இன்றைய மலகாசி மக்கள் உருவானார்கள். திமில் கொண்ட செபு மாடும் மூன்று வேளைச் சோறும் இன்றும் அவர்கள் வாழ்வின் இரு தூண்கள்.

சோறுதான் தலைநகரை உண்டாக்கியது. 4,800 கிலோமீட்டர் கடற்கரை கொண்ட ஒரு தீவின் தலைநகர், கடலே தெரியாத மலை உச்சியில் 1,280 மீட்டர் உயரத்தில் இருப்பது முதலில் விசித்திரமாகத் தோன்றும். அண்டனானரிவோவைச் சுற்றிப் பள்ளத்தில் விரிந்திருக்கும் பெட்சிமிடடட்ரா சமவெளியைப் பார்த்தால் விசித்திரம் போய்விடும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் அன்ட்ரியஞாக்கா இந்தக் குன்றைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினார். கீழே இருந்த சதுப்பை வடித்து, கரை போட்டு, வயலாக்கும் வேலை அவர் காலத்தில் தொடங்கியது. உச்சியில் பாதுகாப்பு, அடிவாரத்தில் உணவு. குளிர்ந்த மேட்டில் மலேரியாவும் குறைவு. 1787 முதல் 1810 வரை ஆண்ட அன்ட்ரியனம்போய்னிமெரினா, கடலே தன் வயலின் வரப்பு என்று அறிவித்ததாக மலகாசி மரபு சொல்கிறது. தீவு முழுவதையும் ஆள விரும்பிய அரசன், அதையும் நெல் வயலின் கணக்கில்தான் சொன்னான்.

2018 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரின் எல்லைக்குள் மட்டும் 12 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். உள்ளூரில் இதை ‘தனா’ என்று சுருக்கிக் கூப்பிடுவார்கள். குன்றுகளின் மேல் செங்கல் வீடுகளும் படிக்கட்டுத் தெருக்களும். உச்சியில் அரசியின் அரண்மனை. 1995 நவம்பரில் எரிந்துபோன அந்த அரண்மனையின் கற்சுவர்கள் மிஞ்சின. பள்ளத்தில் வயல்களைத் தூர்த்து வீடு கட்டுவது இப்போது வேகமாக நடக்கிறது. சதுப்பை வடித்து எடுத்த நிலத்தில் தண்ணீர் தேங்க இடம் குறைந்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னைவாசிகளுக்கு விளக்க வேண்டாம். 2022 ஜனவரியில் தலைநகரின் தாழ்ந்த பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின.

அண்டனானரிவோவிலிருந்து ஆண்ட 19ஆம் நூற்றாண்டின் மெரினா அரசர்கள் கடற்கரைக்கு நல்ல சாலை போட அவசரப்படவில்லை. தன்னிடம் ‘ஹாசோ’, ‘தாசோ’ என்று இரண்டு தளபதிகள் இருப்பதாக முதலாம் ராடாமா சொன்னார் என்பார்கள். ஒன்று காடு, மற்றொன்று காய்ச்சல். பேச்சு வீண் போகவில்லை. 1895இல் பிரான்ஸ் படையெடுத்தபோது, கிழக்கே தோவமசினா ஏற்கெனவே அவர்கள் கையில் இருந்தது. ஆனாலும் செங்குத்தான காட்டு வழியை விட்டுவிட்டு, தீவைச் சுற்றி வடமேற்கே மஹஜங்காவில் படையை இறக்கி, மேற்கின் மெதுவான சரிவில் சாலை போட்டுக்கொண்டே ஏறினார்கள். சுமார் 15,000 பேர் கொண்ட படையில் 6,000 பேர்வரை செத்தார்கள். சண்டையில் விழுந்தவர்கள் சில பத்துப் பேர்தான். மற்றவர்களை மலேரியாவும் பிற நோய்களும் கொண்டுபோயின. சாலை வேலையை நடுவில் விட்டுவிட்டு, தெம்பு மிஞ்சியவர்களை மட்டும் திரட்டிக்கொண்டு ஜெனரல் டுஷேன் விரைந்தார். செப்டம்பர் 30இல் தலைநகர் வீழ்ந்தது. மறு ஆண்டு தீவு பிரெஞ்சுக் குடியேற்ற நாடானது.

பிடித்த பிறகு பிரெஞ்சுக்காரர்கள் செய்த பெரிய வேலைகளில் ஒன்று, அந்தக் கிழக்குச் சுவரை ரயிலால் கடப்பது. 1901இல் தொடங்கிய மீட்டர் பாதை 1909இல் தலைநகரை எட்டியது. கரையோரப் பகுதியும் முடிந்து தோவமசினா வரை முழுப் பாதை இணைய 1913 ஆயிற்று. இரண்டு நகரங்களுக்கும் நேர்க்கோட்டுத் தூரம் 215 கிலோமீட்டர். சாலையில் 350-க்கு மேல். இந்த ஒரு சாலையில்தான் நாட்டின் எரிபொருள், அரிசி, கொள்கலன்கள் எல்லாம் லாரி லாரியாக ஏறுகின்றன. தோவமசினா நாட்டின் முதல் துறைமுகமாக இருப்பதற்குக் காரணம் தலைநகருக்கு அது கிட்டே இருப்பது. துறைமுகத்துக்கு உகந்த கரை என்பதால் அல்ல. நேரான கரையில், பவளத் திட்டின் மறைவில் கிடைத்த சிறிய ஒதுக்கிடம் அது. படகுப் போக்குவரத்துக்கும் திறந்த கடல் ஒத்துவராததால், கரையை ஒட்டிய உப்பங்கழிகளைக் கால்வாய்களால் கோத்துப் பங்கலான் நீர்வழியை 1896க்குப் பின் வெட்டினார்கள். 600 கிலோமீட்டருக்கு மேல் நீளும் இது நம் பக்கிங்காம் கால்வாய்க்குச் சரியான ஜோடி.

கிழக்குக் கரைக்கு மழையோடு சேர்ந்து வருவது புயல். மனஞ்சாரி என்ற சிறு நகரை 2022 பிப்ரவரியில் பட்சிராய் தாக்கியது. ஓராண்டு கழித்து ஃப்ரெடி புயலும் அதே ஊரை ஒட்டிக் கரையேறியது. வடகிழக்கே சம்பாவா, அன்டலாஹா ஊர்களில் ஒரு புயல் அடித்தால் உலகெங்கும் ஐஸ்கிரீம் கம்பெனிகள் கவலைப்படும். உலக வெனிலாவில் ஏறத்தாழ 80 சதவீதம் இங்கிருந்துதான் போகிறது. மெக்சிகோவிலிருந்து வந்த இந்தக் கொடிக்கு இங்கே மகரந்தம் சேர்க்கப் பூச்சி கிடையாது. பக்கத்து ரீயூனியன் தீவில் 1841இல் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், மெல்லிய குச்சியும் கட்டைவிரலும் கொண்டு பூவைக் கருவுறச் செய்யும் வழியைக் கண்டுபிடித்தான். இன்றும் ஒவ்வொரு பூவுக்கும் அதே கை வேலைதான். 2017 மார்ச்சில் எனாவோ புயல் இந்தப் பகுதியைக் குலைத்த பின் வெனிலா விலை கிலோ 600 டாலரைத் தொட்டது. அந்தப் பணத்தில் விவசாயியின் பங்கு எவ்வளவு என்பது வேறு கேள்வி.

தலைநகரிலிருந்து தெற்கே போகும் ஏழாம் எண் நெடுஞ்சாலை மேட்டுநிலத்தின் முதுகிலேயே ஓடுகிறது. அதில் முதல் பெரிய நகரம் அன்ட்சிராபே. நார்வே மதபோதகர்கள் 1872இல் தொடங்கிய ஊர். 1,500 மீட்டர் உயரம், வெந்நீர் ஊற்றுகள், ஜூலையில் உறைபனி. பிரெஞ்சுக்காரர்கள் இதை மலைவாசத்தலமாக்கினார்கள். மொராக்கோவின் சுல்தான் ஐந்தாம் முகமதுவை நாடு கடத்தி 1954-55இல் இங்கேதான் வைத்திருந்தார்கள். ஆள் இழுக்கும் ரிக்‌ஷா இன்னும் ஓடும் நகரம். கூடவே நாட்டின் புகழ்பெற்ற பீர் ஆலையும் இங்கேதான்.

அடுத்தது ஃபியனரன்ட்சோவா. முதலாம் ரனவலோனா அரசி 1830இல் நிறுவிய நிர்வாக நகரம். சுற்றிலும் பெட்சிலேயோ மக்கள் மலைச்சரிவில் படிப்படியாகச் செதுக்கிய நெல் வயல்கள். இங்கிருந்து கடற்கரை மனகாராவுக்கு 163 கிலோமீட்டர் ரயில் பாதை 1926 முதல் 1936 வரை போடப்பட்டது. தண்டவாளங்கள் முதல் உலகப்போரின் நட்டஈடாக ஜெர்மனியிடமிருந்து வாங்கியவை. மலைச்சுவரிலிருந்து இறங்க 48 சுரங்கங்கள், 60-க்கும் மேற்பட்ட பாலங்கள். மனகாராவில் பாதை விமான ஓடுதளத்தின் குறுக்கே போகிறது! வழியோரக் கிராமங்கள் பலவற்றுக்குச் சாலையே இல்லை. வாழைத்தாரும் காபிக்கொட்டையும் சந்தைக்குப் போக இந்த ரயில்தான் வழி. புயல் மண்ணைச் சரித்துப் பாதையை மூடும்போதெல்லாம் அந்த மக்களின் வருமானமும் நின்றுபோகிறது.

மேற்குச் சரிவு வேறு உலகம். மேட்டுநிலத்தின் செம்மண் குன்றுகளில் ‘லவாகா’ என்னும் ராட்சதப் பள்ளங்கள் வாய் பிளந்து கிடக்கின்றன. காடழிப்பும் மேய்ச்சலும் மட்டுமே காரணம் என்று முன்பு சொல்லப்பட்டது. ஆழமாக மக்கிய பாறையில் மனிதர் வருவதற்கு முன்பிருந்தே இவை உண்டாகி வந்திருக்கின்றன என்று ஆய்வாளர்கள் இப்போது காட்டுகிறார்கள். அரித்த மண்ணைச் சுமந்து பெட்சிபோகா ஆறு செக்கச் செவேலென மஹஜங்காவில் கடலில் கலக்கிறது. விண்வெளி வீரர்கள் விரும்பிப் படமெடுக்கும் கழிமுகம் அது. மஹஜங்கா அரபு, சுவாஹிலி வணிகர்கள் தொடர்பில் வளர்ந்த துறைமுகம். குஜராத்திலிருந்து போன இந்திய வணிகக் குடும்பங்களும் தலைமுறைகளாக வேரூன்றிய ஊர். நகரின் அடையாளம் கடலோரச் சந்திப்பில் நிற்கும் முதிய பெருக்கமரம். உலகில் உள்ள எட்டுப் பெருக்க இனங்களில் ஆறு மடகாஸ்கருக்கு மட்டுமே உரியவை. இந்த ஒரு மரமோ ஆப்பிரிக்க இனம், வணிகர்களோடு வந்தது. இந்த மரக்குடும்பமே மடகாஸ்கரில் தோன்றிக் கடலில் மிதந்து ஆப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பரவியது என்று 2024இல் ஒரு மரபணு ஆய்வு சொன்னது.

தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் மே மாதம் சிவந்து பூக்கும் செம்மயிற்கொன்றையின் தாயகமும் இந்த மேற்குக் காடுகள்தான். பூங்காக்களில் நிற்கும் விசிறி வாழை, வீட்டு முற்றத்து நித்தியகல்யாணி இரண்டும் அதே தீவிலிருந்து வந்தவை. நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் மருந்துகள் ரத்தப் புற்றுநோய் கண்ட பல குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கின்றன.

வடமுனையில் அன்ட்சிரனானா, பழைய பெயர் டியகோ சுவாரஸ். உலகின் மிகப் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. தீவிலேயே சிறந்த துறைமுகம் எதற்கும் எட்டாத மூலையில் அமைந்தது மடகாஸ்கரின் துரதிர்ஷ்டம். வணிகத்துக்கு உதவாதது போருக்கு உதவியது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் குண்டு வீசித் தாக்கின. அடுத்து இந்தத் துறைமுகம் ஜப்பான் கைக்குப் போய்விடுமோ என்ற அச்சத்தில் பிரிட்டன் மே 5ஆம் தேதி படை இறக்கி அதைப் பிடித்தது. அந்த மாத இறுதியிலேயே ஜப்பானியக் குறுநீர்மூழ்கி ஒன்று உள்ளே நுழைந்து ராமிலிஸ் போர்க்கப்பலைச் சேதப்படுத்தியது.

தென்மேற்கே துலியாரா போகும் வழியில் இலகாகா என்ற ஊர் இருக்கிறது. 1998இல் நீலக்கல் கிடைக்கும்வரை ஒரு சில குடிசைகள். பிறகு சில ஆண்டுகளிலேயே பல்லாயிரம் பேர் குவிந்த சுரங்க நகரம். கல் வாங்க வருபவர்களில் இலங்கை வியாபாரிகள் முக்கியமானவர்கள். அதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒன்றுகூடியபோது எழுந்த மலைகளின் ஆழத்தில், அதே வெப்பத்திலும் அழுத்தத்திலும் விளைந்தவைதான் இரத்தினபுரியின் கற்களும் இலகாகாவின் கற்களும். நம் காங்கேயம் கரூர் வட்டாரத்துக் கற்களும் அந்த மலைப்பட்டையைச் சேர்ந்தவையே.

தீவின் சரிவு மிகக் கொடுமையாக வெளிப்படுவது தென்கோடியில். ஃபோர்-டோஃபன் நகரில் பிரெஞ்சுக்காரர்கள் 1643இல் கோட்டை கட்டினார்கள். 1674இல் விட்டு ஓடினார்கள். பச்சை மலையடிவாரத்தில் ஈரமான ஊர் அது. மலையைத் தாண்டி மேற்கே நூறு கிலோமீட்டருக்குள் ஈரக்காடு மறைந்து முட்காடு தொடங்கிவிடுகிறது. கற்றாழையும் கள்ளியும் இலையில்லா முள்மரங்களுமான ஆன்ட்ரோய் வறள்நிலம். யானைப் பறவை என்ற பறக்காத ராட்சதப் பறவையின் முட்டை ஓடுகள் இன்னும் அதன் மணலில் கிடைக்கின்றன. மழை பொய்த்தால் வரும் பட்டினியை மக்கள் ‘கேரே’ என்கிறார்கள். 2021இல் அங்கே பஞ்சம் சூழ்ந்தபோது, பருவநிலை மாற்றம் உண்டாக்கிய முதல் பஞ்சம் என்று ஐ.நா. உணவு அமைப்பு எச்சரித்தது. அந்த ஆண்டு இறுதியில் தட்பவெப்ப ஆய்வாளர்களின் குழு ஒன்று தரவுகளை அலசிவிட்டு, வறுமையும் இயல்பான மழைத் தடுமாற்றமுமே முதன்மைக் காரணங்கள் என்றது. காரணம் எதுவாயினும், மலைக்கு இந்தப்பக்கம் பெய்யும் மழை அந்தப்பக்கம் போய்ச் சேரப்போவதில்லை. சாலையும் தண்ணீர்க் குழாயும் போட்டாலன்றி ஆன்ட்ரோய்க்கு விடிவில்லை.

இந்தத் தீவுக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜனவரி முதல் மார்ச் வரை புயலும் சேறுமான காலம். மே முதல் அக்டோபர் வரை நல்லது. ஊருக்கு ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்துத் திட்டம் போடாதீர்கள். எத்தனை மணி நேரம் என்று டிரைவரிடம் கேளுங்கள். தலைநகரிலிருந்து துலியாராவுக்கு 900 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான்; அதற்கு இரண்டு முழு நாளாவது ஒதுக்க வேண்டும்.